கோபுரத்துக்கு முன் ஒரு சோதனைக் குழி

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அருகே செல்போன் டவர் நிறுத்த விரும்புபவர் கையில் முதலில் அளவு டேப் இருக்க வேண்டும். 1555இல் போர்ச்சுகீசியர்கள் கட்டி, கொச்சி மன்னருக்குப் பரிசளித்த கட்டடம் அது. பின்னால் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததில் 'டச்சு அரண்மனை' என்றே பெயராகிவிட்டது. இன்று மத்தியத் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தம், இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்தைத் தடை செய்தது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு முன் அனுமதி கட்டாயம்.

சிக்கல் அந்த எல்லைக்கு வெளியேதான். பட்டியலில் இல்லாத கிராம நிலத்தில் அஸ்திவாரம் தோண்டும் முன் ஆய்வு செய்தாக வேண்டும் என்று இச்சட்டம் சொல்லவில்லை.

அதனால் என்ன இழக்கக்கூடும் என்பதற்குக் கொச்சிக்கு வடக்கே உள்ள பட்டணம் சாட்சி. பார்வைக்குத் தென்னையும் வீடுகளும் நிறைந்த சாதாரண கிராமம். 2007இல் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கவுன்சில் அங்கே தோண்டத் தொடங்கியதும் ரோமானிய மதுச் சாடிகளின் உடைசல்கள், செங்கல் கட்டுமானம், சுமார் 6 மீட்டர் நீளத் தோணி எல்லாம் வெளிவந்தன. பண்டைய முசிறி இதுவே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மறுப்பவர்களும் உண்டு. அந்த விவாதத்தைத் தீர்க்கவாவது மண்ணடுக்கு கலையாமல் இருக்க வேண்டுமே!

இங்கிலாந்தில் 1990 முதலே கட்டட அனுமதிக்கு முன் இத்தகைய மதிப்பீடு கேட்கும் வழக்கம் வந்துவிட்டது. பழைய வரைபடங்களைப் புரட்டுவது, நிலத்தில் நடந்து ஓட்டுத் துண்டுகளைத் தேடுவது, சந்தேகம் வந்தால் சோதனைக் குழி வெட்டுவது – வேலை இவ்வளவுதான். ஏதாவது தென்பட்டால் டவரைச் சற்றுத் தள்ளி நிறுத்திக்கொள்ளலாம். வெட்டி எறிந்த மண்ணடுக்கை மீண்டும் அடுக்க முடியாது.