ரன்: ஒரு வினை, 645 பொருள்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் திருத்தப் பணியில் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர் ‘ரன்’ என்ற ஒரே வினைச்சொல்லோடு சுமார் ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். 2011-இல் வெளியே தெரிந்த கணக்கு, வினையாக மட்டும் 645 பொருள். அதற்கு முன், 1989 பதிப்பில், 430 பொருளோடு முதலிடத்தில் இருந்தது ‘செட்’. இந்த எண்களைக் கேட்டால் ஆங்கிலம் கற்பவருக்கு வயிற்றைக் கலக்கும். அவ்வளவு கலங்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. அகராதிக்காரர் எண்ணுவது ஒரு சொல் புழங்கும் இடங்களை. குதிரை ஓடினால் ஓர் எண், பேருந்து தடத்தில் ஓடினால் இன்னோர் எண், நாடகம் நூறு நாள் ஓடினால் வேறோர் எண். அது அவர் தொழில். குறை சொல்ல முடியாது. ஆனால் பேசுகிறவரின் தலைக்குள் 645 அறைகள் கிடையாது. தடைபடாமல் தொடரும் இயக்கம் என்ற ஒரு கருத்துதான் பெரும்பாலும் வேலை செய்கிறது.

அந்த இயக்கத்துக்குக் கால் கட்டாயமில்லை, ஆதியிலேயே இல்லை. பழைய ஆங்கிலத்தில் இதன் மூதாதையான ‘ரின்னன்’ மனிதர் ஓடுவதையும் குறித்தது, நீர் ஓடுவதையும் குறித்தது. ஒன்றுவிட்ட உறவான ஜெர்மன் மொழியில் ‘ரின்னன்’ இன்றும் நீர் வழிவதைத்தான் சொல்கிறது. காலால் விரைவதற்கு ‘ரென்னன்’ என்று தனிச்சொல் உண்டு. மூக்கு ஒழுகினாலும், துவைக்கும்போது துணியின் சாயம் போனாலும், குளிக்கத் தொட்டியில் தண்ணீர் பிடித்தாலும் ஆங்கிலேயர் ‘ரன்’ போடுவதற்கு இந்த நீர்க்குணமே காரணம். ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஷுகர்’ என்ற வாக்கியத்தையும் இப்படிப் பார்த்தால் பிடிபடும். பாத்திரத்தில் இருந்தது முழுக்க வடிந்துவிட்டது, அவ்வளவே. நாம் ‘சர்க்கரை தீர்ந்துபோச்சு’ என்று சர்க்கரையை எழுவாயாக்குகிறோம். ஆங்கிலத்தில் அதுவும் செல்லும். ஆனால் சர்க்கரை இல்லாமல் நிற்கும் ஆளையே எழுவாயாக்குவதுதான் அங்கே அதிகம் காதில் விழும். நம்மவர் தடுக்கி விழுகிற இடமும் இதுதான்.

‘ஓடு’ என்ற சொல்லும் இப்படித்தானே, ஆங்கிலத்தில் மட்டும் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆறு ஓடுகிறது, படம் ஓடுகிறது, கடை ஓடுகிறது, கவலை வந்தால் வேலை ஓடமாட்டேன் என்கிறது. நின்றுகொண்டிருக்கிற காரிலும் இன்ஜின் ஓடுகிறது என்கிறோம். வேறுபாடு அடுத்த படியில் வருகிறது. தானாக நடப்பதற்கு ஓடு, நடத்துவிப்பதற்கு ஓட்டு என்று தமிழ் சுமையைப் பிரித்துக்கொண்டது. வண்டி ஓட்டுவது, குடும்பத்தை ஓட்டுவது, நண்பனைக் கிண்டலடித்து ஓட்டுவது எல்லாம் இரண்டாவதன் பங்கு. ஆங்கிலத்திலும் இந்தப் பங்கீடு இருந்தது. சிட்–செட், ஃபால்–ஃபெல் (மரம் விழுவது, மரத்தை வீழ்த்துவது) போன்ற இணைகள் அதன் மிச்சம். ‘ரின்னன்’ வினைக்கும் ‘ஆர்னன்’ என்றொரு பிறவினைத் துணை இருந்தது. காலப்போக்கில் இரண்டும் ஒரே சொல்லாகக் கலந்துவிட்டன. அதனால் ‘ரன்’ தானும் ஓடுகிறது, பிறரையும் பிறவற்றையும் ஓட்டுகிறது. கம்பெனி நடத்துவது, பரிசோதனை செய்வது, கம்ப்யூட்டரில் புரோகிராமை இயக்குவது எல்லாம் இந்தக் கலப்பின் வாரிசுகள். இயந்திரங்கள் பெருகிய காலத்தில் அவற்றின் இயக்கத்தைச் சொல்ல இருபுறமும் பேசும் இந்த வினை தயாராக நின்றது. எண்ணிக்கை வீங்கியதில் அந்தக் காலத்துக்குப் பெரிய பங்குண்டு. இப்படி ஒரு கலப்பு நடக்கக்கூடியதே என்பதற்குத் தமிழிலும் சாட்சி இருக்கிறது. ஈழத்துப் பேச்சில் ‘கார் ஓடத் தெரியுமா?’ என்றால் காரை ஓட்டத் தெரியுமா என்று அர்த்தம். தமிழகக் காதுக்கு அது வேடிக்கையாக இருக்கலாம். ஆங்கிலக் காதுக்கு வெகு இயல்பு.

‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது, ‘ரன் டவுன்’ என்றால் ஒருவரை மட்டம்தட்டுவது. இவையெல்லாம் தொடர் இயக்கத்தில் எங்கே அடங்கும் என்பது இன்னும் கனமான ஆட்சேபம். ஓரளவுக்கு அடக்கலாம். தன்போக்கில் போகிற ஒன்று எதிரே வந்ததன்மேல் மோதுவது முதலாவது. ஓடுவது கீழே கிடப்பதன்மேல் ஏறுவது இரண்டாவது. ஆனால் இது நடந்தபின் சொல்லும் விளக்கம். பொருள் தெரிந்தவருக்கு ஏன் என்று காட்டும்; தெரியாதவருக்கு முன்கூட்டிச் சொல்லித்தராது. காய்ச்சல் நமக்கு ‘அடிக்கிறது’, ஆங்கிலேயர் அதை ‘ரன்’ செய்கிறார். எந்த மூலக்கருத்தைப் பிடித்துக்கொண்டு போனாலும் இதை ஊகித்திருக்க முடியாது.

தேர்தல் இதைப் பட்டவர்த்தனமாகக் காட்டுகிறது. பதவிக்குப் போட்டியிடும் அமெரிக்கர் ‘ரன்’ செய்கிறார். பிரிட்டனில் அதே வேலைக்கு ‘ஸ்டாண்ட்’ என்பதே வழக்கம். நம் ஊரிலும் வேட்பாளர் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறார், ஓட்டுக்காக எத்தனை தெரு ஓடினாலும். ஒரே மொழி, ஒரே செயல். ஒரு கரையில் ஓட்டம், மறு கரையில் நிலை. ஆகவே மூலக்கருத்து ‘ரன்’ போகக்கூடிய எல்லையைத்தான் காட்டும். அந்த எல்லைக்குள் எந்தப் பெயர்ச்சொல்லோடு அது சேரும் என்பதை ஊர் வழக்கு தீர்மானிக்கிறது. கற்பவர் 645 பொருளை உருப்போட வேண்டாம். ஃபீவர், பாத், பிசினஸ், ரிஸ்க் என்று அது அன்றாடம் கூட்டுச் சேரும் முப்பது நாற்பது சொற்களோடு சேர்த்துக் காதில் வாங்கிக்கொண்டால் பேச்சுக்குப் போதும்.