கொள்ளைநோயும் நாட்டின் வாயிலும்

அம்மை கண்ட வீட்டின் படலையில் வேப்பங்குழை செருகுதல் யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கம். அதனைக் கண்டவர் உள்ளே செல்லார். உற்றாரும் வெளியே நின்று நலம் வினாவி மீள்வர். ஆயினும் அவ்வீட்டினுள் எவருமே புகுதலாகாது என்பதன்று. நோயாளியைப் பேணுதற்கு, முன்னரே அம்மை கண்டு தேறியவர் ஒருவர் உட்செல்வர். தடை ஒன்று, அத்தடைக்கு விலக்கு ஒன்று. ஒரு வீட்டின் படலையிற் கண்ட இம்முறையே நாட்டின் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சட்டமாக விரிகின்றது. எவரைத் தடுத்தல் வேண்டும், எவருக்கு விலக்களித்தல் வேண்டும், அதற்கு நியாயம் யாது என்பன ஆராய்தற்குரியன.

மேலைநாடுகளில் இம்முறை மிகப் பழையது. 1377 ஆம் ஆண்டில் ஏதிரியாற்றிக் கடற்கரையிலுள்ள இரகுசா நகரத்தார், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் புறத்தே தங்கிய பின்னரே நகருட் புகலாம் என விதித்தனர். பின்னர் அக்காலம் நாற்பது நாளாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்குஞ் சொல்லினின்றே தனிமைப்படுத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் பிறந்தது. நாடுதோறும் விதி வேறுபட்டமையால் வணிகம் இடருற்றது. அதனைச் சீர்செய்யும் நோக்குடன் 1851 இற் பாரிசு நகரில் முதலாவது சர்வதேச சுகாதார மாநாடு கூடிற்று. அன்று தொடங்கிய முயற்சியின் வழிவந்தனவே, 2007 ஆம் ஆண்டு யூன் மாதம் முதல் நடைமுறையிலுள்ள சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள்.

இலங்கையில் இதற்குரிய சட்டம் 1897 ஆம் ஆண்டின் மூன்றாம் இலக்கத் தொற்றுத்தடுப்பு, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமாகும். முந்திய ஆண்டிற் பம்பாயிற் பரவிய கொள்ளைநோய் இத்தீவினரையும் அச்சுறுத்தியது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர், இராமேசுவரத்தை அடுத்துள்ள மண்டபம் முகாமிற் சில நாள் தடுத்து வைக்கப்பெற்றுச் சோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேறினர். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. ஒரு நாட்டின் வாயில் மற்றொரு நாட்டினுள்ளே நாட்டப்பட்டமையும், அதன் பாரம் பெரிதும் வறிய தொழிலாளர் மீதே விழுந்தமையும் கருதத்தக்கன.

அப்பழைய சட்டமே 2020 இல் மீண்டும் துணைக்கு வந்தது. அவ்வாண்டு சனவரி 27 ஆந் திகதி சீனநாட்டுப் பெண் பயணி ஒருவருக்குக் கொரோனா நோய் இருப்பது இலங்கையிற் கண்டறியப்பட்டது. மார்ச் 10 முதல் இத்தாலி, ஈரான், தென்கொரியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் பதினான்கு நாள் தனிமைப்படுத்தப்பட்டனர். மறுநாள், உலக சுகாதார நிறுவனம் இந்நோயை உலகளாவிய பெருந்தொற்று என அறிவித்தது. அம்மாதத்து மூன்றாம் வாரத்திற் பயணிகளைக் கொணரும் விமானங்கள் நிறுத்தப்பட்டன. மார்ச் 20 ஆந் திகதி மாலை முதல் நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது.

வாயில் அடைபட்டபோதும் விலக்குகள் இருந்தன. அவற்றை நான்கு வகையாகப் பகுக்கலாம். முதலாவது, உரிமைபற்றிய விலக்கு: தன் குடிமகனை ஒரு நாடு ஏற்றே ஆதல் வேண்டும். இரண்டாவது, கடமைபற்றிய விலக்கு: தூதுவர், சரக்குக் கப்பல் மாலுமிகள், விமான ஊழியர் முதலியோர் இதன்பாற்படுவர். மூன்றாவது, உறவுபற்றிய விலக்கு. 2020 மார்ச் மாதத்தில் இந்தியா பெரும்பாலான விசாக்களுடன் கடல்கடந்த இந்தியருக்குரிய அட்டையின் சலுகையையும் நிறுத்தி வைத்தது. மே மாதத்திலோ குடும்பத்தில் இறப்பு நேர்தல் போன்ற அவசரங்களுக்கு அவ்வட்டையுடையோரை வரவிட்டது. நான்காவது, பொருளாதாரம்பற்றிய விலக்கு.

இந்நான்காவதே பெரிதும் வாதத்துக்கு இடமாயிற்று. 2020 திசெம்பர் மாத இறுதியில் உக்ரேன் நாட்டு உல்லாசப் பயணிகள் மத்தளை விமான நிலையத்தில் வந்திறங்கினர். 2021 சனவரியில் இங்கிலாந்துக் கிரிக்கெற் அணியினர் வந்து காலியில் ஆடினர். சனவரி 21 முதல் விமான நிலையங்கள் உல்லாசப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டன. அவர்கள் குறிக்கப்பட்ட விடுதிகளில் தங்கி, பரிசோதனை செய்துகொண்டு, அனுமதிக்கப்பட்ட காட்சியிடங்களைப் பார்த்து வரலாம். அதே காலத்தில், தொழிலிழந்து மீண்ட இலங்கையரோ பதினான்கு நாள் தனிமைப்படுத்தல் நிலையத்திலோ, கட்டணம் செலுத்தி விடுதியிலோ அடைபட்டிருந்தனர். உல்லாசப் பயணத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல என்பது மெய்யே. எனினும், காட்சி காண வந்தவருக்கு எளிதானது வீடு காண வந்தவருக்கு அரிதாயிற்றே என்னும் மனக்குறை எழுந்தமை வியப்பன்று.

பண்டத்தரிப்புப் போன்ற ஊர்களில் இவ்விடயம் ஏட்டளவில் நின்றதன்று. சில்லாலை, வடலியடைப்பு, மாதகல் எனச் சூழவுள்ள ஊர்களிலெல்லாம், பிள்ளைகளைக் கனடாவிலும் இங்கிலாந்திலும் சுவிற்சர்லாந்திலும் வைத்துக்கொண்டு தனித்து வாழும் முதியோர் உளர். அப்பிள்ளை பிறந்தது இவ்வூரில், கடவுச்சீட்டோ பிறநாட்டது. 1987 இற் கொணரப்பட்ட திருத்தத்தின்படி இரட்டைக் குடியுரிமை பெறாதவராயின், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டுப் பயணியே. தாய்க்குக் கொள்ளிவைக்க வேண்டிய மகனும் கடற்கரை காண வரும் பயணியும் ஒரே வரிசையில் நிற்க நேர்ந்தது. வந்து சேர்ந்தாலும் தனிமைக்காலம் முடியுமுன் ஈமக்கடன் முடிந்துவிடும். கைத்தொலைபேசித் திரையிற் சிதையைக் கண்டு அழுதோர் பலர். 2019 ஒற்றோபரில் திறக்கப்பட்ட பலாலி சர்வதேச விமான நிலையமும் சில திங்களில் மூடுண்டு, 2022 திசெம்பர் 12 ஆந் திகதியே சென்னைச் சேவையை மீளத் தொடங்கிற்று.

அங்ஙனமாயின் தடையே தவறோ எனின், அன்று. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் பங்குகொண்ட கூட்டத்தின் வழியாகவே 2020 மார்ச்சில் அரியாலைப் பகுதியில் நோய் தோன்றி, குடாநாடு முழுவதும் முடங்கிற்று. முதியோர் நிறைந்த ஊர்களைக் காத்தற்கு வாயிலை அடைத்தல் வேண்டியதாயிற்று. ஆராயவேண்டியது விலக்கின் அளவுகோலேயாகும். சர்வதேச ஒழுங்குவிதிகளின் நாற்பத்துமூன்றாம் உறுப்புரை, நோயைத் தடுக்கவல்ல இலேசான வழியிருக்க அதனினுங் கடுமையான தடையை விதித்தலாகாது என்கின்றது. முப்பத்திரண்டாம் உறுப்புரையோ, பயணிகளை அவர்தம் மதிப்புக் குன்றாவண்ணம் நடத்துக என்கின்றது.

நோய்க்கிருமி கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை. செல்வரென்றும் வறியரென்றும் பார்ப்பதில்லை. ஆதலின், விலக்களிக்கும்போது நோக்கத்தக்கவை இரண்டே: வருபவராற் பிறர்க்கு நேரக்கூடிய இடர் எவ்வளவு, அவர் வாராவிடின் நேரும் இழப்பு எத்தகையது. பரிசோதனையும் தடுப்பூசியும் கிடைத்த பின்னர் முதலாவதை அளத்தல் எளிதாயிற்று. இரண்டாவதை அளத்தற்குக் கருவி இல்லை. மனிதப் பண்பே வேண்டும். விடுதியில் நிரம்பும் அறைகளை எண்ணிக் கணக்கிடலாம். மகனுக்காக வாயிலைப் பார்த்திருக்குந் தாயின் நாட்களை அவ்வாறு கணக்கிடல் இயலாது. இனியொரு கொள்ளைநோய் வருங்கால் விதி வகுப்போர், வேப்பங்குழை செருகிய படலையினூடும் நோயாளியைப் பேணுவார்க்கு வழிவிட்ட பழைய நெறியை நினைத்தல் நன்று.