கேப்போவும் குடுமியான்மலைப் பாறையும்

இரண்டரைக் கட்டையில் பாடுகிறவருக்குக் கிட்டார் வாசிப்பது புதிதாகக் கற்றவர்களுக்குச் சோதனைதான். டி ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப் என்று வரும் கார்டுகளுக்குச் சுட்டுவிரலால் தந்திகளைக் குறுக்கே அழுத்தும் பார் கார்டுதான் பெரும்பாலும் வழி. முதல் ஃப்ரெட்டை ஒட்டிக் கேப்போ என்னும் கவ்வியை மாட்டிவிட்டு, பழகிய டி, ஜி, ஏ வடிவங்களையே பிடித்தால் போதும். கேட்பது இரண்டரைக் கட்டை. தந்தியின் நீளம் 65 செ.மீ. என்றால், முதல் ஃப்ரெட் அதில் ஏறத்தாழ 3.6 செ.மீ. குறைக்கிறது. ஆறு தந்திகளும் ஒரே விகிதத்தில் குறுகுவதால் அவற்றுக்குள் உள்ள உறவு மாறுவதில்லை. சுருதி மட்டும் ஏறுகிறது.

இதைக் குறுக்குவழி என்பவர்கள் உண்டு. ஆனால் பார் கார்டு நன்றாக வாசிப்பவர்களும் கேப்போ மாட்டுகிறார்கள். விரல் படாத தந்திகளின் நீண்ட அதிர்வு பார் கார்டில் கிடைக்காது. கேப்போவுக்கு எழுதும் கார்டுத் தாளைப் போல, சுருதியைச் சொல்லாமல் உறவை மட்டும் எழுதுவதும் நமக்குப் புதிதல்ல. புதுக்கோட்டை மாவட்டத்தில், குடுமியான்மலைக் குடைவரையை ஒட்டிய பாறையில், சுமார் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு ஏழு கிராம ராகங்களைச் சுர எழுத்துகளாகவே தருகிறது. இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று அதில் ஒரு தமிழ்க் குறிப்பும் இருக்கிறது. எட்டுத் தந்தி, ஏழு தந்தி வீணைகளுக்கு என்று அறிஞர்கள் பலர் பொருள் கொள்கிறார்கள். அங்கே கார்டு கிடையாது, கிராம முறையும் இன்றைய கணக்கல்ல என்பது சரியான மறுப்பே. நான் ஒப்பிடுவது எழுதும் முறையை மட்டும்.

கீபோர்டுக்காரரின் புகார்தான் வலுவானது. தாளில் டி என்று பார்த்து அவர் வாசித்தால், கிட்டாரோடு அரைச் சுரம் மோதும். ஆகவே கேப்போ எத்தனையாவது ஃப்ரெட், பிடிக்கும் வடிவம் எது, ஒலிக்கும் சுருதி எது என மூன்றையும் தாளின் தலையில் எழுத வேண்டும். கட்டைக் கணக்கை அப்படியே ஃப்ரெட்டாக எண்ணவும் கூடாது. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே ஒரே ஃப்ரெட்தான், மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லை. கேப்போ சுருதியை ஏற்றும், இறக்காது. ஐந்து கட்டையில் ஜி, சி, டி என்று இருக்கும் பாட்டை நான்குக்கு இறக்க வேண்டுமானால், தாளை டி, ஜி, ஏ என்று மாற்றி எழுதி, மூன்றாம் ஃப்ரெட்டில் மாட்ட வேண்டும்.