பீங்கான் நகரில் வாக்குரிமை

கடலூர் மக்களவைத் தொகுதிக்கு உட்பட்டதும், 2006ஆம் ஆண்டில் நடிகர் விஜயகாந்தைச் சட்டமன்றத்துக்கு முதன்முறையாக அனுப்பியதுமான விருத்தாசலம் தொகுதியில், வாக்களிக்க அடையாள அட்டை மட்டும் போதாது. வாக்காளர் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும். 18 வயது நிறைந்தோர் பெயர் சேர்க்கப் படிவம் 6-ஐயும், குடிபெயர்ந்தோர் முகவரி மாற்றப் படிவம் 8-ஐயும் அளிக்கலாம். ஐயங்களைத் தீர்க்க 1950 என்ற உதவி எண் உண்டு.

வேட்பாளர் தம் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்குகள் ஆகியவற்றை உறுதிமொழியுடன் தெரிவிக்கும் பிரமாணப் பத்திரம், 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் விளைவாக, எவரும் படித்தறியக்கூடிய ஆவணமாக உள்ளது.

வாக்குப்பதிவு நாளில் தொழிலாளருக்கு ஊதியத்துடன் விடுமுறை அளிக்க வேண்டுமென மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு கூறுவதால், விருத்தாசலத்தின் பீங்கான் சூளைகளில் பணிபுரிவோரும் கூலியை இழக்காமல் வாக்களிக்கலாம். பொத்தானை அழுத்தியதும், விவிபாட் எனப்படும் சரிபார்ப்புக் கருவியில் 7 விநாடிகள் தெரியும் சீட்டைப் பார்த்து, வாக்கு உரிய சின்னத்தில் பதிவானதை உறுதிசெய்து கொள்ளலாம்.