மூக்கில் விடும் தடுப்பு மருந்து

2009 ஆகஸ்டு மாதத்தைப் புனேவாசிகள் எளிதில் மறக்க மாட்டார்கள். பன்றிக் காய்ச்சலுக்கு இந்தியாவில் முதல் பலி நம் ஊரில்தான். 14 வயதுப் பள்ளி மாணவி. பள்ளிகள் மூடப்பட்டன. நாயுடு மருத்துவமனையில் நீண்ட வரிசை. போபோடியில் நாங்கள் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் காய்கறி வாங்கப் போனோம்.

அடுத்த ஆண்டே, 2010 ஜூலையில், ஹடப்ஸரிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட் 'நேஸோவேக்' மருந்தை வெளியிட்டது. ஊசி கிடையாது. ஒவ்வொரு நாசியிலும் கால் மில்லி தெளித்தால் போதும். உள்ளிருப்பது உயிருள்ள வைரஸ் என்றதும் பல தாய்மார்களுக்குப் பயம். ஆனால் அது ரஷ்ய விஞ்ஞானிகள் குளிரில் வளர்த்துப் பழக்கிய வைரஸ். மூக்கின் குளிர்ச்சியில் பெருகும். நுரையீரலின் சூட்டில் அதன் ஜம்பம் சாயாது. அதற்குள் உடல் எதிரியை அடையாளம் கண்டுகொள்ளும்.

பிறகு மூவகை ஃப்ளூ வைரஸ்களுக்கும் சேர்த்து அதே கம்பெனி தயாரித்த மருந்தை, 2013-இல் வங்க தேசத்திலும், ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் நியாக்கார் பகுதியிலும் சோதித்தார்கள். இரண்டு முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். மூவரில் இருவருக்கு மருந்து, ஒருவருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று தாய்க்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

"நம் பிள்ளைகள் என்ன சோதனை எலிகளா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் முடிவைப் பாருங்கள். வங்க தேசத்தில், மருந்திலிருந்த வைரஸ் வகைகளால் வரும் ஃப்ளூ 57.5 சதவீதம் குறைந்தது. செனகலில் பலன் பூஜ்யம்! வெறும் திரவம் பெற்ற குழந்தைகள் இல்லாதிருந்தால் இந்த உண்மை வெளிவந்தேயிராது. காரணத்தை ஆராய்ச்சியாளர்களாலும் திட்டவட்டமாகச் சொல்ல முடியவில்லை. ரயில்வேயில், ஒரு தடத்தில் ஓடிய புதுப் பெட்டியைச் சோதிக்காமல் வேறு தடத்தில் விட நாங்கள் கையெழுத்திட்டதில்லை.

அமெரிக்காவிலும் 2016-இல் இத்தகைய மருந்து சரிவர வேலை செய்யவில்லையென்று நிறுத்திவைத்து, 2018-இல்தான் மீண்டும் பரிந்துரைத்தார்கள். நம் நாட்டில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் 2015 முதல் சில ஆண்டுகள் ஊசியையும் மூக்கு மருந்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டுமே பயன் தந்தன.

பேரப்பிள்ளைகளுக்குப் போடலாமா என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒன்று. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு இது கூடாது. இழுப்பு உள்ள பிள்ளையென்றால், டாக்டரிடம் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.