கையெழுத்தை ஊரில் விட்டுச் செல்லும் முன்

வெளிநாட்டு வேலைக்காக நாட்டைவிட்டுக் கிளம்பும் நாளிலேயே ஒருவர், அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கணக்கில், இந்தியாவில் வசிக்காதவர் ஆகிவிடுகிறார். ஆனால் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கும் வீடும் நகைக்கடனும் செல்பேசி எண்ணும் ஊரிலேயே இருக்கின்றன. அவற்றில் எதைத் தொடவும் அவருடைய கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் அவர் எண்ணுக்கு வரும் ஓடிபி வேண்டும். இந்த இரண்டையும் யாரிடம், எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்று முடிவு செய்யாமல் கிளம்புவதிலிருந்துதான் பிற்காலத் தொல்லைகள் பலவும் தொடங்குகின்றன.

முதல் வேலை வங்கியில். வழக்கமான சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கிக்குத் தெரிவித்து அதை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். வாடகை, வட்டி போன்ற உள்நாட்டு வருமானம் இதில் வரும். அயல்நாட்டுச் சம்பளத்தை அனுப்புவதற்கு என்ஆர்இ கணக்கு தனியாகத் தொடங்குவது நல்லது: அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பணத்தைத் தடையின்றித் திரும்ப எடுத்துச் செல்லவும் முடியும். என்ஆர்ஓ வட்டியிலோ 30 விழுக்காடும் அதன் மேல் செஸ் வரியும் பிடிக்கப்படும். ஊரிலுள்ள தந்தையையோ மனைவியையோ இக்கணக்குகளில் கூட்டாகச் சேர்க்கலாம். ஆனால் பலரும் நினைப்பதுபோல, பெயர் சேர்ந்துவிட்டதாலேயே அவர்கள் பணம் எடுத்துவிட முடியாது. முதலாமவர் இருக்கும்வரை அவர் எழுதிக் கொடுத்த அதிகாரத்தின் பேரில் மட்டுமே மற்றவர் கணக்கை இயக்கலாம். இந்த அதிகாரக் கடிதத்தைப் பயணத்துக்கு முன்பே வங்கியில் கொடுத்துவிட்டால், வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வரும்போது யாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை.

அந்நியச் செலாவணிச் சட்டம் கிளம்பும் நாளைப் பார்க்கிறது என்றால், வருமான வரிச் சட்டம் இந்தியாவில் தங்கிய நாட்களை எண்ணுகிறது. வேலைக்காகக் கிளம்பும் இந்தியக் குடிமகன், ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இங்கே தங்கியிருந்தால் அவ்வாண்டுக்கு அவர் வசிக்காதவர். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஆகஸ்டில் கிளம்புபவருக்கும் டிசம்பரில் கிளம்புபவருக்கும் வரிப் பொறுப்பு மாறுவது இதனால்தான். பயணத் தேதியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுச் செல்பவர், தான் வெளிநாட்டில் இருப்பதைக் குடியிருப்பவரிடம் மறைக்கக் கூடாது. உரிமையாளர் இந்தியாவில் வசிக்காதவராக இருந்தால், வாடகை எவ்வளவு சிறிதானாலும் அதில் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டும் கடமை குடியிருப்பவருடையது. விகிதம் பொதுவாக 31.2 விழுக்காடு. அதிகமாகப் பிடிக்கப்பட்டதை வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். குறைந்த விகிதத்தில் பிடிக்க முன்கூட்டியே சான்றிதழும் கோரலாம்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து பவர் பத்திரத்தில் இருக்கிறது. அவசரத்தில் எழுதப்படும் பொது அதிகாரப் பத்திரத்தில், வாடகை வசூலிப்பது முதல் சொத்தை விற்பது வரை எல்லாமே அடங்கிவிடும். வரி கட்டவும் வாடகை வாங்கவும் ஆள் தேவை என்றால், அந்த வேலைகளை மட்டும் பெயர் சொல்லி எழுதிய பத்திரம் போதும். விற்பனை, அடமானம், கடன் ஆகியவற்றுக்கு அதிகாரம் இல்லை என்பதை அதிலேயே தெளிவாக எழுத வேண்டும். சொந்தத் தம்பியே ஆனாலும் இப்படி எழுதுவதில் தவறில்லை. தம்பிக்கும் அது பாதுகாப்புதான். பவர் வாங்குபவரிடமிருந்து பணம் பெற்றதாக ஒரு வரியும் சேர்க்கக் கூடாது. அவருக்கே அந்தச் சொத்தில் உரிமை உண்டாகும்படி எழுதிய பவரை, ஒப்பந்தச் சட்டத்தின்படி, பிறகு தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது.

நம்பிக்கை குலைந்தால் ரத்துப் பத்திரம் எழுதி, பவர் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்திலேயே பதிய வேண்டும். பவர் வாங்கிய முகவருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ரத்தான செய்தி அவருக்கு எட்டும்வரை அவர் செய்தவை எழுதிக் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே வெளிநாட்டில் இருப்பவர் பவர் எழுத வேண்டுமென்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்பலாம். அத்தகைய பவர் பத்திரம் இந்தியா வந்துசேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்க முடியும் என்பதால், துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆண்டுக்கு இருமுறை சொத்தின் நிலையைச் சரிபார்க்கலாம்.

கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளை வீட்டில் விட்டுச் செல்வது கூடவே கூடாது. மற்றொருவர் தொகையை நிரப்பினாலும் கையெழுத்திட்டவரின் பொறுப்பு நீங்குவதில்லை. காசோலை திரும்பினால், அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் கட்டாவிட்டால் வழக்குத் தொடரலாம்; இரண்டாண்டு வரை சிறையோ, தொகையின் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சரியான முகவரிக்கு அனுப்பிய தபால், வீடு பூட்டியிருந்ததாகத் திரும்பினாலும் சேர்ந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும். அதனால் ஊர் முகவரிக்கு வரும் தபாலை உடனே பிரித்துப் படம் எடுத்து அனுப்ப ஓர் ஆள் இருக்க வேண்டும்.

விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் நகையை அடகு வைக்கும் குடும்பங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கடன் கணவர் பெயரில் இருந்தால், நகை மனைவியுடையதாகவே இருந்தாலும், பணத்தோடு போய் நிற்கும் மனைவியிடம் வங்கி எளிதில் நகையைத் தராது. தவணை தாண்டினால் ஏல அறிவிப்பு வரும். நகைக்கடனை மனைவியின் பெயரிலேயே வாங்கிவிடுவதே எளிய வழி.

செல்பேசி எண்ணை அணையவிடக் கூடாது. 90 நாட்கள் பயன்படாத ப்ரீபெய்டு எண் துண்டிக்கப்பட்டு, பின்னர் வேறொருவர் கைக்குப் போகலாம். வங்கியின் ஓடிபியும் அவரிடமே போகும். ரோமிங் வசதியுடன் சிம்மை உடன் எடுத்துச் செல்லலாம், அல்லது வங்கியில் வெளிநாட்டு எண்ணைப் பதிவு செய்யலாம்.

வாடகை வீட்டைக் காலி செய்பவருக்கு, நியாயமான பாக்கி போக மீதி முன்பணத்தை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். சாவியை ஒப்படைத்த தேதியை எழுத்தில் வாங்கிக்கொண்டால் பிற்பாடு வாடகை அதிகாரியிடம் முறையிட அது உதவும். கேஸ் இணைப்பை வீட்டிலிருப்பவர் பெயருக்கு மாற்றலாம். யாரும் இல்லையென்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெபாசிட் தொகையைப் பெறலாம். வாக்குரிமையை இழக்க வேண்டியதில்லை: வேறு நாட்டுக் குடியுரிமை பெறாதவர் படிவம் 6ஏ வழியாக வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். வாக்களிக்க மட்டும், பாஸ்போர்ட்டுடன் சொந்தத் தொகுதியின் வாக்குச்சாவடிக்கு நேரில் வர வேண்டும்.