விஸ்கித் துளி விட்டுச் செல்லும் வலை

மேசையில் சிந்திய கோப்பித் துளி காய்ந்தால் விளிம்பு மட்டும் கருத்துக் கிடக்கும். ஓரம் விரைவாக ஆவியாவதால், அதை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. துகள்களையும் அள்ளிப் போகிறது. சிக்காகோ ஆய்வாளர்கள் 1997இல் தந்த விளக்கம் இது.

விஸ்கி அப்படிக் காய்வதில்லை. ஸ்கொட்ச் குடித்த குவளையின் அடியில் தங்கும் படலங்களை எர்னி பட்டன் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் படமெடுத்தார். அவை எப்படி உருவாகின்றன என்பதை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹவார்ட் ஸ்டோன் குழு 2016இல் விளக்கியது. பின்னர் கென்டக்கியின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் ஸ்டுவர்ட் வில்லியம்ஸ் குழு பேர்பன் விஸ்கியில் நீர் கலந்து, மதுசாரத்தைச் சுமார் 25 சதவீதமாகக் குறைத்து, ஒரு மைக்ரோலீட்டர் துளியைக் காயவிட்டது. சிலந்தி வலை போல ஒரு கோலம் விழுந்தது.

காரணம் பீப்பாய். உள்ளே கருக்கிய புதிய ஓக் பீப்பாயில்தான் பேர்பனை வைக்கவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஸ்கொட்ச் பெரும்பாலும் பழைய பீப்பாயில் முதிர்கிறது. கருகிய மரத்திலிருந்து இறங்கும் சில பொருட்கள் மதுசாரத்தில் கரையும், நீரில் கரையா. நீர் கலந்ததும் அவை துளியின் மேற்பரப்பில் ஆடை போலப் படர்கின்றன. துளி சுருங்கச் சுருங்க ஆடை மடிகிறது. அந்த மடிப்புகளே வலை.

விஸ்கிக்கு விஸ்கி வலை வேறுபடுவதால், போலிப் போத்தல்களைப் பிடிக்க இது உதவக்கூடும். ஆனால் இரண்டு வலைகள் ஒன்றுதான் என்று யார் சொல்வது? நூறு படம் பார்த்தபின் எந்தக் கண்ணும் சோர்ந்துவிடும். கணினியோ ஒவ்வொரு படத்திலும் கோடுகளின் தடிப்பு, கிளைகள், இடைவெளி ஆகியவற்றை ஒரே அளவுகோலால் எண்ணும். அல்லது, பெயரிட்ட படங்களைப் பார்த்துத் தானே வேறுபாட்டைக் கற்கும்.

இங்கேதான் ஏமாறவும் இடமுண்டு. ஒரு விஸ்கியின் படங்கள் எல்லாம் ஒரே நாளில் எடுக்கப்பட்டால், கணினி விஸ்கியை அல்ல, அன்றைய வெளிச்சத்தைக் கற்றுக்கொள்ளும். ஒரே போத்தலின் துளிகளைப் பயிற்சிக்கும் பரீட்சைக்கும் பிரித்துக் கொடுப்பது, வினாத்தாளை முன்கூட்டியே காட்டுவது போன்றது. அது முன்பு கண்டிராத போத்தலை வைத்துச் சோதித்தால்தான் கிடைக்கும் புள்ளிக்கு மதிப்பு. துளியின் அளவு, ஈரப்பதன், தூசி எல்லாவற்றையும் கட்டுப்படுத்தவும் வேண்டும்.

இன்னொன்று, எம்மவர் கட்டாயம் அறியவேண்டியது. 2024இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற மெத்தனோலை இந்த வலை காட்டிக்கொடுக்காது. அது ஆவியாகிப் போய்விடும். தடம் எதையும் விடாது. வலை அழகாக விழுந்திருக்கிறது என்று யாரும் நம்பிக் குடிக்க முடியாது. மெத்தனோலைக் கண்டுபிடிக்க, பானத்தையே ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும்.